வாரண்டி அட்டையில் நம்ம ஊர்க் காற்று இல்லை

தங்கச்சி, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், ஏசி எல்லாம் ஒரே மாதத்தில் வாங்கப் போவதாகப் போனில் சொன்னாய். புது வீடு, வாங்கத்தான் வேண்டும். மாப்பிள்ளை ஷார்ஜாவில் இருக்கிறார். வாங்குவது, பொருத்துவது, பழுதானால் ஆளைக் கூப்பிடுவது எல்லாம் உன் தலையில்தான் விழும். அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன். கடையில் போய் எத்தனை லிட்டர், எத்தனை ஸ்டார், எவ்வளவு தள்ளுபடி என்று கேட்பதற்கு முன்னால் உன்னிடமே ஒன்றைக் கேட்டுக்கொள்: உன் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் கடல் தெரியுமா?

நம்ம கன்னியாகுமரி மாவட்டம் சின்னதுதான். ஆனால் காற்று ஊருக்கு ஊர் வேறு. குளச்சல், முட்டம், மணக்குடி பக்கம் உப்புக் காற்று. குலசேகரம், அருமனை, திற்பரப்பு பக்கம் ரப்பர் தோட்டத்து ஈரம். ஆரல்வாய்மொழி, தோவாளை பக்கம் கணவாய் வழியாக அடிக்கிற காற்றும் அது கொண்டுவரும் தூசியும். நாகர்கோவிலில் இருக்கிறவர்களுக்கு மூன்றிலும் கொஞ்சம் கிடைக்கும். போதாததற்கு ஆனி ஆடியில் ஒரு மழைக்காலம், ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழைக்காலம். தமிழ்நாட்டில் இரண்டு பருவமழையும் இப்படி நனைக்கிற ஊர்கள் அதிகம் கிடையாது. மெஷினோடு வருகிற கையேட்டுக்கு இதெல்லாம் தெரியாது, அது எல்லா ஊருக்கும் ஒன்றாக அச்சடித்தது. வாரண்டி அட்டையின் பின்பக்கத்துப் பொடி எழுத்தைக் கண்ணாடி போட்டாவது படி. துரு, இடி, எலி கடித்தது, கரண்ட் ஏறி இறங்கியது இதெல்லாம் சேராது என்று பெரும்பாலும் போட்டிருப்பார்கள். நம்ம ஊரில் சாமான் கெட்டுப்போவதே அநேகமாக இந்த நான்கால்தான்.

முதலில் உப்பு. கடலோர வீட்டில் சீக்கிரம் அடிபடுவது ஏசியின் வெளிப்பெட்டி. அதன் பின்பக்கம் வரிவரியாக இருக்கும் அலுமினியத் தகடுகளில் உப்பு படியும், ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், பிறகு தகடு வெள்ளைப் பொடியாக உதிரும். குழாயில் பொட்டு அரித்தால் போதும், கேஸ் போய்விடும். கடையில் உள்பெட்டியின் அழகைக் காட்டிப் பேசுவார்கள். நீ வெளிப்பெட்டியைப் பற்றிக் கேள். காயில் முழுவதும் செம்பா, தகட்டில் துருத்தடுப்புப் பூச்சு உண்டா, அந்தப் பூச்சு வெளிப்பெட்டிக்கும் உண்டா உள்பெட்டிக்கு மட்டுமா? அடுத்தது ஸ்டாண்ட். இலவசம் என்று கொடுக்கிற பெயின்ட் அடித்த இரும்பு ஸ்டாண்டைக் கடலோரத்தில் நம்பாதே. கால்வனைஸ் செய்ததோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ, கூடக் காசு கொடுத்து வாங்கு. முப்பது, நாற்பது கிலோ எடை, கீழே பிள்ளைகள் விளையாடுகிற முற்றம். போல்ட்டும் நட்டும் ஸ்டீலாக இருக்கிறதா என்று பொருத்துகிற அன்றைக்கே பார்த்துவிடு.

வெளிப்பெட்டியைக் கடலைப் பார்த்த சுவரில் மாட்டாமல் பக்கச் சுவரில் மாட்டச் சொல். ஆனால் காற்று ஓட்டமில்லாத மூலையில் அடைத்துவிடக் கூடாது, சூடு வெளியேறாது. மாதத்துக்கு ஒருமுறை மெயினை அணைத்துவிட்டு நல்ல தண்ணீரை மெல்லத் தெளித்துத் தகடுகளைக் கழுவிவிட்டால் உப்பு தங்காது. எப்படித் தெளிப்பது என்று சர்வீஸ் ஆளிடம் ஒருமுறை செய்துகாட்டச் சொல்லிக் கற்றுக்கொள். வேகமாகப் பீய்ச்சி அடித்தால் தகடு மடங்கிப் போகும்.

வாஷிங் மெஷினைப் பின்கட்டில் ஷீட்டுக்கு அடியில் வைக்கிற வழக்கம் நம்ம பக்கம் உண்டு. மழைச்சாரலும் காற்றும் படாத இடம் வீட்டுக்குள் இருந்தால் உள்ளேயே வை. அதன் உயிர் உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக் போர்டில் இருக்கிறது, அதில் பச்சை பிடித்தால் போர்டையே மாற்றச் சொல்வார்கள். பிளாஸ்டிக் உறை போட்டு மூடினால் பாதுகாப்பு என்று நினைக்கிறோம். துவைத்து முடித்த ஈரத்தோடு மூடினால் அந்த ஈரம் முழுவதும் உள்ளேதான் நிற்கும். கதவைத் திறந்துபோட்டு நன்றாகக் காய்ந்த பிறகு மூடு. டிவியைக் கடலைப் பார்த்த ஜன்னலுக்கு நேரே வைக்காதே. பகல் ஏறினால் காற்று கடலிலிருந்து கரைக்கு வரும், இரவில் கரையிலிருந்து கடலுக்குப் போகும். அதனால் கடல் பக்கத்து ஜன்னல்களைக் காலையில் திறந்துவைத்து மதியத்துக்குள் சாத்திவிடுவது நல்லது.

மேற்கே, மலையடிவாரத்து வீடுகளுக்கு வேறு கதை. அங்கே உப்பு இல்லை, பூஞ்சை உண்டு. கேமரா லென்ஸுக்குள் வலை மாதிரி படர்ந்துவிடும். பீரோவுக்குள் பத்திரமாகப் பூட்டிவைக்கிற சாமான்தான் அங்கே முதலில் கெடும், தினமும் ஓடுகிற டிவி தன் சூட்டிலேயே காய்ந்துகொள்ளும். எடுக்காமல் வைத்திருக்கும் லேப்டாப், கேமரா, ரீசார்ஜ் விளக்கு எல்லாவற்றையும் வாரம் ஒருமுறை எடுத்துக் கொஞ்ச நேரம் ஓடவிடு. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைத்தால் லென்ஸ் பிழைக்கும். ஆரல்வாய்மொழிப் பக்கத்தவர்களுக்குத் தூசிதான் தொல்லை. ஏசி ஃபில்டரையும் ஃப்ரிட்ஜின் பின்பக்கத்தையும் அடிக்கடி துடைத்தால் போதும்.

அடுத்து இடி. இதில் நான் கொஞ்சம் கூடுதலாகப் பேசுவேன், பொறுத்துக்கொள். சித்திரை வைகாசியிலும் ஐப்பசியிலும் மதியத்துக்கு மேல் வானம் கறுத்துக்கொண்டு வந்தால், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கைப் பிடுங்கிவிடு. டிவிக்குக் கரண்ட் வயர் தவிர டிஷ் கேபிளும் உண்டு, அது வழியாகவும் இடி வரும். இன்டர்நெட் பெட்டிக்கும் அப்படித்தான். மாலையில் வெளியே கிளம்பும்போது வானம் சரியில்லை என்றால் பிடுங்கிவிட்டே போ. புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் 'தாமினி' என்று ஒரு செயலி வைத்திருக்கிறது. நாம் நிற்கிற இடத்தைச் சுற்றி மின்னல் நெருங்குவதைச் சொல்லும். மொட்டைமாடியில் துணி காயப்போடுகிற, விளையில் தேங்காய் பொறுக்குகிற எல்லோர் போனிலும் அது இருக்கட்டும்.

புது வீடு என்பதால் எலக்ட்ரீஷியனிடம் மூன்று சங்கதியைக் கறாராகக் கேள். ஒன்று, எர்த். குழி எங்கே என்று காட்டச் சொல், உன் கண்ணால் பார். மணல் பூமியில் கோடையில் எர்த் குழி காய்ந்துபோகும், இடைக்கிடை தண்ணீர் ஊற்ற வேண்டும். இரண்டு, ஆர்சிசிபி. எம்சிபி இருக்கிறதே, அது போதாதா என்பார்கள். எம்சிபி வயரைக் காப்பாற்றும். ஆளைக் காப்பாற்றுவது 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபிதான். ஈரக்கையோடு கிரைண்டரைத் தொடுகிறோம், வெறுங்காலோடு வாஷிங் மெஷின் பக்கத்தில் நிற்கிறோம். கரண்ட் கசிந்து உடம்பு வழியாக இறங்கத் தொடங்கினால் கண் இமைப்பதற்குள் அது அணைத்துவிடும். அதில் 'டி' என்று ஒரு பட்டன் இருக்கும், மாதம் ஒருமுறை அழுத்திப் பார். சுவிட்ச் சட்டென்று விழுந்தால் வேலை செய்கிறது என்று அர்த்தம், விழாவிட்டால் அன்றைக்கே ஆளைக் கூப்பிடு. மூன்று, இடிக்கும் திடீர் கரண்ட் ஏற்றத்துக்குமான தடுப்பான், எஸ்பிடி என்பார்கள். மெயின் போர்டிலேயே பொருத்தலாம். இந்த மூன்றுக்கும் ஆகிற செலவைக் கணக்குப் போட்டுவிட்டு, மிச்சமிருக்கிற பணத்தில் டிவியின் அளவைத் தீர்மானி. தலைகீழாகச் செய்கிறவர்களைத்தான் நிறையப் பார்க்கிறேன், மனசுக்குப் பயமாக இருக்கிறது.

மெயின் சுவிட்ச் எங்கே, எதை இறக்கினால் எந்த அறை அணையும் என்று உனக்கும் பெரிய பிள்ளைக்கும் தெரிந்திருக்கட்டும். போர்டின் கதவுக்குள் பேப்பரில் எழுதி ஒட்டிவிடு. ஈபி புகாருக்கு 94987 94987, 'மின்னகம்' என்று 2021இல் தொடங்கியது. எந்த நேரமும் எடுப்பார்கள்.

சமையலறைக்கு வருவோம். 2011இல் அரசு கொடுத்த விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் வந்த பிறகு நம்ம பக்கத்து அம்மிகள் பல முற்றத்துக்குப் போய்விட்டன. ஆனால் நம்ம சமையல் மாறவில்லை. தினமும் தேங்காய் அரப்பு, வாரத்தில் ஒருநாளாவது தீயல், மீன் குழம்புக்கு வேறு அரைப்பு. மிக்ஸிக்கு இது கடும் வேலை. தீயலுக்கு வறுத்த தேங்காய் எண்ணெய் விட்டுக் கெட்டியாகத் திரளும், பிளேடு இறுகும், மோட்டார் சூடாகும். 500 வாட் மிக்ஸி சட்னிக்குப் போதும், நம்ம வீட்டுக்கு 750 வாட் எடு. வறுத்ததைச் சூட்டோடு ஜாரில் போடவே போடாதே, ஆவி மூடியைத் தூக்கி எறியும், முகத்தில் தெறிக்கும். விட்டுவிட்டு ஓட்டு. நின்றுபோனால் பயப்படாதே, அடிப்பக்கத்தில் சின்னதாகச் சிவப்புப் பட்டன் இருக்கும். பாரம் கூடினால் தானாக வெளியே வந்துவிடும். பிளக்கைப் பிடுங்கிக் கொஞ்ச நேரம் ஆறவிட்டு அதை உள்ளே அழுத்தினால் ஓடும். இது தெரியாமல் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. மூடியின் ரப்பர் வளையத்தைத் தேங்காய் எண்ணெய் சீக்கிரம் தளரச் செய்யும், கழற்றிக் கழுவிக் காயவை.

தண்ணீர் மெஷின் விஷயத்தில் அவசரப்படாதே. வீட்டுக்கு வந்து இரண்டு கம்பியைத் தண்ணீரில் விட்டுப் பழுப்பாகக் கலங்கவைத்துக் காட்டி ஆர்ஓ விற்பார்கள். அது கம்பி கரைவது, தண்ணீரின் அழுக்கு அல்ல. முதலில் கிணற்றுத் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்துப் பார். கரைந்த உப்பின் அளவு, டிடிஎஸ் என்பது, லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் கீழே இருந்து வேறு கெடுதலும் இல்லையென்றால் ஆர்ஓ தேவையில்லை. கிருமிக்கு யூவி மெஷின் போதும், கொதிக்கவைத்துக் குடித்தாலும் போதும். மேற்குப் பக்கத்துக் கிணறுகள் பலவற்றில் உப்பு குறைவுதான். ஆர்ஓ வைத்தால் குடிக்கிற தண்ணீரைவிடக் கழிவாகப் போகிற தண்ணீர்தான் கூட இருக்கும். கடலோரத்தில் போர் தண்ணீர் உவர்த்துவிட்ட வீடுகளுக்கு மட்டும் அது அவசியம். அங்கேயும் கழிவுத் தண்ணீரைப் பிடித்து வீடு துடைக்க வைத்துக்கொள்.

ஃபேனைப் பற்றி ஒரு கணக்குச் சொல்கிறேன், கேட்டியா. பழைய மாதிரி சீலிங் ஃபேன் 75 வாட். நாளைக்கு 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 54 யூனிட். பிஎல்டிசி என்று வருகிற புது ஃபேன் ஏறக்குறைய 30 வாட், அதே ஓட்டத்துக்கு 22 யூனிட்டுக்குள். நாலு ஃபேன் என்றால் வித்தியாசம் 120 யூனிட்டுக்கு மேல். நமக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், மேலே போகப் போக விலை படிப்படியாக ஏறும். 500ஐத் தாண்டினால் கீழ்ப்படி யூனிட்டின் விலையும் சேர்ந்து ஏறிவிடும். ஏசி உள்ள வீடு அந்த 500 கோட்டுக்குப் பக்கத்தில்தான் நிற்கும். இன்வெர்ட்டருக்கும் இதே கணக்கு உதவும். புது 150 ஆம்பியர்-அவர் பேட்டரியில் பழைய ஃபேன் மூன்றும் நாலு விளக்கும் சுமார் நாலு மணி நேரம் ஓடும், பிஎல்டிசி ஃபேன் மூன்றென்றால் ஏறக்குறைய இரட்டிப்பு நேரம். பெரிய பேட்டரிக்குக் கொடுக்கிற காசை ஃபேனுக்குக் கொடு. பேட்டரிக்கு டிஸ்டில்ட் வாட்டர்தான் ஊற்ற வேண்டும், கிணற்றுத் தண்ணீர் ஆகாது. காற்றோட்டமான இடத்தில் வை. குத்துவிளக்கு ஏற்றுகிற பூஜை அறை மூலை அதற்கு இடமில்லை.

ஸ்டார் ஸ்டிக்கரில் எந்த ஆண்டு என்று போட்டிருக்கும், அதையும் பார். சில ஆண்டுக்கு ஒருமுறை அளவுகோலைக் கடுமையாக்குவார்கள். பழைய ஆண்டின் 5 ஸ்டார் புதிய அளவுகோலில் 4 ஆகிவிடலாம். தள்ளுபடியில் வருவது பெரும்பாலும் பழைய ஆண்டுச் சரக்கு. கூரையில் சோலார் போடும் யோசனை இருப்பதாக மாப்பிள்ளை சொன்னார். 'பிஎம் சூர்ய கர்' திட்டம் 2024 பிப்ரவரியில் வந்தது, 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். நல்லதுதான். ஆனால் பேட்டரி இல்லாமல் ஈபி லைனோடு சேர்க்கிற சோலார், ஊரில் கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். லைனில் வேலை செய்கிற ஆளுக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். கரண்ட் போனால் வெளிச்சம் வேண்டும் என்பதுதான் உன் நோக்கமென்றால், முன்கூட்டியே ஹைப்ரிட் இன்வெர்ட்டர் என்று கேட்க வேண்டும்.

வளைகுடாவிலிருந்து சாமான் கொண்டுவருவது நம்ம மாவட்டத்துக்குப் பழகிய ஒன்று. ஷார்ஜாவிலும் துபாயிலும் கரண்ட் நம்மைப் போலவே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பிளக் மட்டும் சதுரக்கால், நல்ல அடாப்டர் போட வேண்டும், அல்லது பிளக்கையே மாற்ற வேண்டும். சவூதியில் 60 ஹெர்ட்ஸ். அங்கே வாங்கிய மோட்டார் சாமான் பல இங்கே மெதுவாக ஓடும், சூடேறும். சவூதியில் இருக்கும் சொந்தக்காரர்கள் கிரைண்டர் வாங்கி அனுப்புவதாகச் சொன்னால் அன்பாக வேண்டாம் என்று சொல்லிவிடு. டிவியை விமானத்தில் கொண்டுவந்தால் சுங்கவரி உண்டு, 2013 ஆகஸ்டிலிருந்தே அது இலவச அனுமதியில் சேராது. அங்கத்திய வாரண்டி இங்கே செல்லுமா என்பதைக் கம்பெனியிடம் எழுத்தில் கேட்டுக்கொள்.

போன் தண்ணீரில் விழுந்தால் அரிசிப் பானைக்குள் புதைக்கிற வழக்கத்தை நெல்லு விளைகிற நாஞ்சில் நாட்டிலேயே விட்டுவிடலாம். அரிசித் தூள் சார்ஜ் துவாரத்துக்குள் போய் இன்னும் கெடுக்கும். 2024இல் ஆப்பிள் நிறுவனமே அரிசியில் போடாதீர்கள் என்று அறிவித்தது. உடனே அணை, சார்ஜ் போடாதே, துவாரம் கீழே பார்க்கத் தட்டி வடியவிடு, ஃபேன் காற்றில் ஒருநாள் கிடக்கட்டும். சங்குத்துறை கடற்கரையிலோ சொத்தவிளையிலோ கடல் தண்ணீர் பட்டதென்றால், அணைத்துவிட்டு நல்ல தண்ணீரை வெளிப்புறத்தில் லேசாக விட்டு உப்பைக் கழுவிய பிறகே காயவை. ஐபி68 என்று போட்டிருக்கிறதே என்றால், அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் செய்தது. சார்ஜ் துவாரத்தில் பச்சை தெரிந்தால் ஊசியால் சுரண்டாதே.

*#06# என்று அழுத்தினால் ஐஎம்இஐ எண் வரும். வீட்டில் உள்ள எல்லாப் போனின் எண்ணையும் ஒரு நோட்டில் எழுதிவை. போன் தொலைந்தால் போலீசில் புகார் கொடுத்துவிட்டு, 'சஞ்சார் சாத்தி' தளத்தில் அந்த எண்ணைக் கொடுத்து முடக்கலாம். பிறகு எந்த சிம் போட்டாலும் அந்தப் போன் இந்தியாவில் வேலை செய்யாது.

போன் முடங்குவது என்றதும் ஓகி புயல் ஞாபகம் வருகிறது. 2017 நவம்பர் 30. மரம் விழுந்து, கரண்ட் கம்பம் சாய்ந்து, பல ஊர்களில் நாள்கணக்கில் இருட்டு. டவரும் படுத்துவிட்டது. கையில் போன் இருந்தும் யாரையும் கூப்பிட முடியவில்லை. அதைவிடக் கொடுமை கடலுக்குள் போனவர்களுக்குச் செய்தி எட்டாதது. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை ஆட்கள் போகிற ஆழத்தில் செல்போனுக்குச் சிக்னல் கிடையாது. அந்த ஊர்ப் பெண்கள் கரையில் நின்று அழுததை இன்றைக்கு நினைத்தாலும் வயிறு கலங்குகிறது. உன் தெருவில் கடலுக்குப் போகிற வீடுகள் இருக்கின்றனவே, அந்த அக்காமாரிடம் சொல்: படகில் விஎச்எஃப் செட் வேலை செய்கிறதா, அவசரச் செய்தி அனுப்பும் டிஏடி கருவி இருக்கிறதா என்று கேட்டுத்தான் அனுப்ப வேண்டும். அந்தக் கருவியை இஸ்ரோ செய்தது. பட்டனை அழுத்தினால் செயற்கைக்கோள் வழியாகக் கரைக்குச் செய்தி வரும். 2024இல் வெளிவந்த இரண்டாம் தலைமுறைக் கருவியில், செய்தி கிடைத்தது என்ற பதிலும் படகுக்கே திரும்பிப் போகும்.

வீட்டுக்கு: ஐப்பசி பிறப்பதற்கு முன் பேட்டரியில் ஓடும் எஃப்எம் ரேடியோ ஒன்று, பவர் பேங்க் இரண்டு, ரீசார்ஜ் விளக்கு ஒன்று எடுத்துவை. முக்கியமான பத்து நம்பரையாவது பேப்பரில் எழுது, நமக்கு இப்போது யார் நம்பரும் மனப்பாடம் கிடையாது. புயல் எச்சரிக்கை வந்ததும் எல்லாவற்றையும் முழுச் சார்ஜில் வை, மேல்நிலைத் தொட்டியை நிரப்பு. கரண்ட் இல்லையென்றால் மோட்டாரும் இல்லை.

இனி அம்மா விஷயம். பழைய வீட்டில் தனியாக இருக்கிறாள். போன்தான் அவளுக்குத் துணை, அதே போன் வழியாகத்தான் திருடனும் வருகிறான். 'மின்கட்டணம் கட்டவில்லை, இன்று இரவு இணைப்பு துண்டிக்கப்படும், இந்த நம்பருக்கு அழையுங்கள்' என்று வரும் செய்தி, கல்யாணப் பத்திரிகை என்று வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பு, போலீஸ் உடையில் வீடியோ காலில் வந்து 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டுவது. அப்படி ஒரு கைது இந்தியச் சட்டத்தில் கிடையவே கிடையாது. நம்ம மாவட்டத்தில் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிற, வயதானவர்கள் தனியாக இருக்கிற வீடுகள் எவ்வளவு! 'உங்கள் மகன் மாட்டிக்கொண்டான்' என்று ஒருவன் சொன்னால் எந்தத் தாய்க்குக் கை நடுங்காது? அம்மாவைப் பயமுறுத்திப் பாடம் நடத்தாதே. இரண்டே விஷயம் சொல்லிக்கொடு. பணம் வருவதற்கு யுபிஐ பின் நம்பர் ஒருபோதும் வேண்டாம், போவதற்குத்தான் அது வேண்டும். யார் மிரட்டினாலும் போனை வைத்துவிட்டு நம்மில் ஒருவரைக் கூப்பிட வேண்டும். வைத்துவிட்டால் மரியாதைக்குறைவு என்று அவள் நினைப்பாள், அந்தத் தலைமுறை அப்படி வளர்ந்தது. வைக்கலாம் அம்மா, தப்பே இல்லை என்று நாம்தான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும்.

அவள் யுபிஐக்குத் தனியாக ஒரு சின்ன கணக்கு வைத்து, மாதச் செலவுக்கு மட்டும் அதில் போடலாம். பென்ஷன் கணக்கு போனோடு சேராமல் இருக்கட்டும். எழுத்தைப் பெரிதாக்கு, வாட்ஸ்அப்பில் இரண்டு அடுக்குப் பூட்டைப் போடு, முகப்பில் நம் இருவரின் படத்தோடு அழைப்புப் பட்டன் வை. 1930 என்ற எண்ணைக் காலண்டருக்கு மேல் பெரிதாக எழுதி ஒட்டு. பணம் போய்விட்டால் யோசித்துக்கொண்டிருக்காமல் அதற்கும் வங்கிக்கும் உடனே பேச வேண்டும். பணம் கைமாறுவதற்குள் பேசினால் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. ஓடிபியை நாமே கொடுத்துவிட்டிருந்தாலும், வங்கிக்குச் சொன்ன பிறகு போகிற பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு என்று ரிசர்வ் வங்கியின் 2017 விதி சொல்கிறது. வெட்கப்பட்டு மறைத்தால்தான் எல்லாம் போகும்.

சின்னவனுக்குச் சோறு ஊட்டும்போது போனைக் காட்டுகிறாய் என்று அம்மா சொன்னாள். ஒரு வயசுப் பிள்ளைக்குத் திரையே வேண்டாம், 2 வயதிலிருந்து 4 வரை நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. தனியாக இரண்டு பிள்ளையைப் பார்க்கிற உனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். சாப்பாட்டு நேரத்தில் மட்டுமாவது நிறுத்திப் பார், மக்களே.

கடைசியாக, எங்கே வாங்குவது? ஓணத்துக்குத் திருவனந்தபுரத்துக் கடைகளில் விலை குறையும், ஆன்லைனிலும் குறையும். விலையைக் கேட்பதோடு நிறுத்தாமல், நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ சர்வீஸ் சென்டர் உண்டா, இலவசமாக வந்து பொருத்துவது உன் பின்கோடுக்கு உண்டா என்றும் கேள். ஆள் திருநெல்வேலியிலிருந்து வர வேண்டிய கம்பெனி என்றால் மழைக்காலத்தில் நீ காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். ஆயிரம் ரூபாய் கூடினாலும் நம்ம தெருமுனைக் கடையில் எடுப்பதில் ஒரு நன்மை, கேட்பதற்கு ஒரு முகம் இருக்கும்.

பில் வாங்காமல் வராதே. வெப்பம் பட்டால் அந்த பில் எழுத்து மங்கிப்போகும், அதனால் வாங்கிய அன்றே படம் எடு. வாரண்டி அட்டையில் கடை முத்திரையும் தேதியும் போடச் சொல். மாடல் எண், சீரியல் எண் உள்ள ஸ்டிக்கரையும் படம் எடு, பின்னால் பழுதாகும்போது மெஷினை நகர்த்திப் பார்க்க முடியாது. சர்வீஸ் ஆள் வந்துபோனால் ஜாப் ஷீட் வாங்கு. பேசிச் சரிவரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியவில்லை என்றால் நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீ குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கம்பெனி டெல்லியில் இருந்தாலும் சரி. பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை, பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். அங்கே கேட்பது முதலில் பில்லைத்தான். படம் எடுத்ததும் எனக்கும் ஒன்று அனுப்பிவிடு, இரண்டு போனில் இருக்கட்டும்.